எம்.ஏ. சீட்டும் ஆறாம் வகுப்பு ரேஷ்மியும்

என் பெயர் லேகா. கேரளத்தில், உதியன்குளங்கரை ஜங்ஷனிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் இருக்கும் ஓர் எய்டட் பள்ளியில் தமிழ் மீடியம் கணக்கு டீச்சர். பத்தொன்பது வருட சர்வீஸ். இதற்குள் இரண்டு பரிசு வாங்கியிருக்கிறேன். ஒன்று, ஓணத்துக்கு நடந்த அத்தப்பூக்களப் போட்டியில் மூன்றாம் பரிசு. போட்டியில் கலந்துகொண்டதே மூன்று அணிதான். இன்னொன்று, பள்ளித் தோட்டத்தில் வெண்டைக்காய் நன்றாகக் காய்த்ததற்குப் பஞ்சாயத்து தந்த பூந்தொட்டி. வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றியது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

இப்படி நிம்மதியாக இருந்தவளுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் மேல்படிப்பு ஆசை வந்ததற்குக் காரணம் ஆதிரா. அவளும் நானும் ஒரே பெஞ்சில் இருந்து பி.எட். படித்தவர்கள். என் நோட்டைப் பார்த்து எழுதியவள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நான்தான் அவள் நோட்டைப் பார்த்து எழுதினேன். போன வருடம் பாலராமபுரத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்கு நாங்கள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, கரை போட்ட கைத்தறிச் சேலையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக மேடை ஏறினாள். பயிற்சி தருகிறவள் அவள். பாடத்திட்டமும் கற்பித்தலும் என்று ஒரு எம்.ஏ. முடித்திருக்கிறாளாம். பாடப்புத்தகம் எழுதும் குழுவுக்கும் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

மேடையிலிருந்து மைக்கில் கேட்டாள்: "தமிழ் மீடியம் டீச்சர்மார் ஆரெங்கிலும் உண்டா? பின்னால ஒளிஞ்சிருக்காம முன்னால வாங்கோ."

நாங்கள் நான்கு பேர் எழுந்து, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனோம். ஆதிரா என்னைப் பார்த்து, "லேகாவா! நீ இப்பளும் அதே ஸ்கூல்லதானா?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் காது சுட்டது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். யார் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு நல்ல காரணமும் தயார். எங்கள் தமிழ் மீடியம் கணக்குப் புத்தகம் மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்து வருவது. சில வாக்கியங்கள் புரிய வேண்டுமென்றால் மலையாளப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்ய நம்மில் ஒருத்தி அந்தக் குழுவில் இருக்க வேண்டாமா என்று நான் கேட்டால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். உண்மைக் காரணம் அந்தக் கழுத்து அட்டைதான்.

படிப்புக்கு வழி தேடியபோதுதான் உலகத்தில் டீச்சர்மாருக்கு எத்தனை விதமான படிப்பு இருக்கிறது என்று தெரிந்தது. எம்.எட். இருக்கிறது, இரண்டு வருடம் கல்லூரிக்கு நேரில் போக வேண்டும். நான் இரண்டு வருடம் லீவு போட்டால் என் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்து இங்கிலீஷ் மீடியம் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது கையில் எம்.எட். இருக்கும், வகுப்பு இருக்காது. தபால்வழி எம்.ஏ. இருக்கிறது. அது எனக்குப் புதிது அல்ல. கல்யாணமான புதிதில் ஒன்றுக்குச் சேர்ந்து, வந்த புத்தகங்கள் இன்றும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் ஒரு காலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்ப் படிக்கலாம், பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனால் அங்கே வாங்கிய டிகிரி இங்கே செல்ல வேண்டுமென்றால் ஈக்விவலன்சி சர்ட்டிபிகேட் வேண்டும். நான் பி.எஸ்ஸி. அங்கேதான் படித்தேன். அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு அலைந்த அலைச்சலில் இன்னொரு பி.எஸ்ஸி. முடித்திருக்கலாம்.

என் கணவர் உண்ணி ஜங்ஷனில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய சித்தப்பா மகன் அகிலேஷ் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் வாட்ஸாப்பில் ஒரு பெரிய பட்டியல் அனுப்பினான். வீட்டிலிருந்தே படிக்கலாம், கணக்குக் கற்பித்தலுக்குத் தனி, வாசிப்புக்குத் தனி, இருமொழிப் பிள்ளைகளுக்குத் தனி என்று பத்துப் பன்னிரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க எல்லாமே எனக்காகவே ஆரம்பித்த மாதிரி இருந்தது. உண்ணி கட்டணத்தை ரூபாயாக்கிப் பார்த்தார். ஃபோனை என் கையில் திருப்பித் தந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

"ஒனக்கு எதுக்காக்கும் இப்பம் எம்.ஏ.?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "உள்ள பி.எட். சர்ட்டிபிகேட் எங்க கெடக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதைத் தேடவே இரண்டு நாள் ஆனது.

கடைசியில் கிடைத்தது திருவனந்தபுரத்தில் ஒரு ஆசிரியர் கல்வி மையம் புதிதாகத் தொடங்கிய எம்.ஏ. வேலையில் இருப்பவர்களுக்கானது, சனிக்கிழமை மட்டும் வகுப்பு. முப்பது சீட்டில் ஒன்று தமிழ், கன்னட மீடியம் ஆசிரியர்களுக்கு. விண்ணப்பித்த சிறுபான்மை மொழிக்காரர்களில் கன்னடத்திலிருந்து யாரும் இல்லை, தமிழிலிருந்து நான் ஒருத்திதான் என்று ஆபீசில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் தோற்க வேண்டுமென்றால் நானேதான் என்னைத் தோற்கடிக்க வேண்டும். அதையும் செய்யக்கூடியவள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

விண்ணப்பத்தோடு ஒன்று கேட்டிருந்தார்கள். ஒரே பாடத்தை ஆறு வருடங்களில் நீங்கள் கற்பித்த விதம் எப்படி வளர்ந்து வந்திருக்கிறது என்று காட்டும் டீச்சிங் மானுவல் பக்கங்கள்.

டீச்சிங் மானுவல் என்றால், நாளை வகுப்பில் என்ன செய்யப்போகிறோம் என்று இன்றே எழுதிவைக்கும் நோட்டு. இடது பக்கம் அகலமான கட்டம். பாடம், செயல்பாடு, கேள்விகள். வலது பக்கம் ஒடுக்கமான கட்டம். வகுப்பு முடிந்த பிறகு, எது நடந்தது, யாருக்குப் புரியவில்லை, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று எழுத வேண்டும். திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் ராபின்சன் சார் ஒப்பு, அதாவது கையெழுத்து, போடுவார். சார் நல்ல மனிதர். நோட்டின் மூலையை மட்டும் தூக்கி ஒப்பு போடுவதில் அவருக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எங்களைச் சங்கடப்படுத்தியதே இல்லை.

நான் 2019-இல் அந்த நோட்டை ஒழுங்காக எழுதினேன். அந்த வருடம் இன்ஸ்பெக்ஷன் வரும் என்று பேச்சு இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டே 2019 நோட்டைப் பார்த்துப் புது நோட்டில் எழுதுவேன். தேதியை மாற்றுவேன். சில வருடம் நீல மையை விட்டுவிட்டுக் கறுப்பு மையில் எழுதினேன். வளர்ச்சி என்றால் அதுதான்.

ஆறாம் வகுப்புப் பின்னக் கூட்டல் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு நோட்டுகளின் இடது பக்கங்களில் அங்கங்கே இடம் பார்த்துப் புதிதாகச் சில வரிகள் சேர்த்தேன். 2021-இல் ஒரு குழு விளையாட்டு, 2023-இல் ஒரு வீடியோ, 2024-இல் "டிஜிட்டல்" என்று ஒரு சொல். வளர்ந்துகொண்டே வருகிற டீச்சர் ஒருத்தி எனக்கே கண்முன் தெரிந்தாள். வலது பக்கத்தை நான் பார்க்கவில்லை. அதை யாரும் பார்ப்பதில்லை, எழுதுகிற நானும்தான்.

ஜூன் மாதம் நேர்முகத்துக்குப் போனேன். ஆதிராவின் சேலையைவிட அரை இஞ்ச் அகலமான கரை உள்ள சேலை கட்டியிருந்தேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை. அவர் நெய்யாற்றின்கரைக்காரி, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். இந்த விஷயத்தை ஆபீசில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பேச்சு மலையாளத்தில்தான் நடந்தது, நான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதலில் புத்தக மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாகச் சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பேராசிரியை மட்டும் என் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கத்தை வாசிக்கிறார் என்று நினைத்தேன்.

"இந்த ரேஷ்மி யார்?" என்று கேட்டார்.

"எந்த ரேஷ்மி மேடம்?"

அவர் வாசித்துக் காட்டினார். "ரேஷ்மிக்குப் பின்னங்களைக் கூட்டுவது புரியவில்லை. நாளை நான்கு மணிக்கு வகுப்பில் தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும்." அடுத்த நோட்டை எடுத்தார். அதிலும் ரேஷ்மிக்குப் புரியவில்லை. அதற்கடுத்ததிலும் புரியவில்லை. ஆறு வருடம், கறுப்பிலும் நீலத்திலும், ரேஷ்மிக்குப் புரியவே இல்லை.

"நம் பள்ளிகளில் எல்லாரையும் பாசாக்கிவிடுகிறோமே," என்றார் பேராசிரியை. "இவளை மட்டும் ஏன் ஆறு வருடம் ஆறாம் வகுப்பில் வைத்திருந்தீர்கள்?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் பொய் சொன்னேன். பொய் சொல்வதிலாவது திறமை இருந்தால் பரவாயில்லை. "எங்கள் பக்கம் ரேஷ்மி என்று பேர் நிறைய உண்டு மேடம். ஒவ்வொரு வருடமும் வேற வேற ரேஷ்மி," என்றேன்.

அவர் 2020 பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "இது 2020 நவம்பர். கொரோனாவுக்குப் பள்ளி பூட்டிக் கிடந்தது. இந்த ரேஷ்மியை எந்த வகுப்பில் உட்கார வைத்தீர்கள்?"

நான் மேசையின் மேல் இருந்த தண்ணீரைக் குடித்தேன். அது அவருடைய தண்ணீர். பிறகு உண்மையைச் சொன்னேன். ஒரு ரேஷ்மிதான், 2019-இல் படித்தவள், மற்றதெல்லாம் பார்த்து எழுதியது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "2019-இல் அடுத்த நாள் சொல்லித் தந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஞாபகமில்லை. அதையும் சொன்னேன். அவர் அடுத்த நாள் பக்கத்தைப் பார்த்தார். அதில் தசம எண்கள் தொடங்கியிருந்தன. ரேஷ்மி பேர் அதில் எங்கும் இல்லை.

கொஞ்ச நேரம் மூவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு பேராசிரியை ஒரு படிவம் தந்தார். "உங்கள் சீட்டைப் பத்து நாள் நிறுத்தி வைக்கிறோம். அந்தக் குழந்தையைப் போய்ப் பார்த்து, அந்தப் பாடத்தைச் சொல்லித் தந்து, என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வாருங்கள். கீழே உள்ள கட்டத்தை அவளே எழுத வேண்டும். அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும்."

அடுத்த நாள் பள்ளியில் ராபின்சன் சாரிடம் சொன்னேன். சார் முதலில் பயந்தது அவருடைய ஒப்பு ஆறு நோட்டிலும் இருக்கிறதே என்றுதான்.

"லேகா டீச்சரே, இதுக்குப் போயி அலைய வேண்டாம்," என்றார். "ஏதெங்கிலும் ஒரு பிள்ளையக் கூப்பிட்டு எழுத வையுங்க. ரேஷ்மின்னு பேரு போட்டா போரும். சீல் நான் வச்சுத் தாறேன்."

எனக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பேராசிரியையின் கண்ணை நினைத்தபோது பயம் வந்தது. நேர்மை என்று ஒன்றும் இல்லை, பயம்தான். பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். ரேஷ்மி, தாயார் புஷ்பபாய். ஏழாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கிக் காஞ்சிரங்குளத்துக்குப் போயிருக்கிறார்கள். நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். சனிக்கிழமை மதியம் வாறேன் என்றேன்.

வெறும் கையோடு போகக்கூடாது என்று காஞ்சிரங்குளம் ஜங்ஷன் பேக்கரியில் ஒரு பிளம் கேக் வாங்கிக்கொண்டேன். வீட்டு வாசலில் புஷ்பபாய் கேக்கை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பேக்கரியில்தான் அவளுக்குப் பலகாரம் போடும் வேலை. காலையில் அவள் கையால் செய்த கேக் அது.

"டீச்சர் உள்ள வாங்கோ, இரிங்கோ," என்று நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "எனக்க மோளைத் தேடி இத்தற வருசம் கழிஞ்சும் ஒரு டீச்சர் வந்திருக்காங்கன்னு நான் அடுத்த வீட்டுலயும் சொல்லியாச்சு. ஆரு வருவா டீச்சரே இந்தக் காலத்துல?"

நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படிவம் அதற்குள் இருந்தது.

ரேஷ்மி உள்ளேயிருந்து வந்தாள். பதினேழு வயது. என்னைவிட உயரம். முகத்தைப் பார்த்தும் எனக்கு அவளை ஞாபகம் வரவில்லை. ஆறு வருடம் அவள் பேரை என் கையால் எழுதியிருக்கிறேன், முகம் வரவில்லை. ஆனாலும், "நீ அப்படியேதான் இருக்கே மக்கா," என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, சாளைக் கறி, பப்படம். பிளஸ் டூ படிக்கிறாள் என்றாள் புஷ்பபாய். என்ன குரூப் என்று கேட்டேன்.

"ஹ்யுமானிட்டீஸ் டீச்சர்," என்றாள் ரேஷ்மி. "நர்சிங் போணும்னு ஆசை இருந்துது. பத்தாம் கிளாசில கணக்குக்கு சி கிரேடுதான் கிட்டிச்சு. சயன்ஸ் கிட்டல்ல. இனி சர்க்கார் வேலைக்குள்ள பி.எஸ்.சி. பரீட்சை எழுதி கிளார்க் வேலைக்குப் போணும். ஆனா அதுலயும் கணக்கு உண்டு."

"அவளுக்குக் கணக்கு வராது டீச்சரே," என்றாள் புஷ்பபாய், இது ஒரு அலர்ஜி என்பதைப் போல. "சின்னதிலேயே அங்ஙனதான்."

நான் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். ரேஷ்மி மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி, ஆறில் இரண்டு என்று எழுதினாள். ஆறாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாளாவது செய்யும் தப்பு. ஒரு நாள் செய்துவிட்டு அடுத்த நாள் விட்டுவிடுவார்கள்.

பப்படத்தை எடுத்தேன். பாதியாக உடைத்து ஒரு பாதியை அவள் தட்டில் வைத்தேன். "இது அரை. இதோட கால் பப்படமும் தந்தா உன் பப்படம் கூடுமா குறையுமா?"

"கூடும்."

"நீ எழுதினது ஆறில் ரெண்டு. அதாவது மூணு பங்கு வச்சா ஒரு பங்கு. அது அரையை விடக் கூடுதலா, குறைவா?"

அவள் தட்டைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். "கொறைவு," என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "டீச்சரே, கூட்டினா எப்பிடிக் கொறையும்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

அவளே அந்தப் பாதிப் பப்படத்தை இரண்டாக உடைத்தாள். ரெண்டு கால், இன்னொரு கால், மொத்தம் மூணு கால் என்று எண்ணினாள். எல்லாம் ஒரே அளவுத் துண்டாக்கிட்டு எண்ணினால் போதும், இல்லையா என்றாள். நான் அரையும் மூன்றில் ஒன்றும் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துச் சரியாகப் போட்டாள். இன்னும் நாலு கணக்கு கொடுத்தேன். நாலும் சரி. சாளைக் கறி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா டீச்சர்?" என்றாள்.

சந்தோஷமாகத்தான் கேட்டாள். நான் சோற்றை விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் கூட ஆகவில்லை. இருபது நிமிட வேலை அது, நான் அதை ஆறு வருடம் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் நல்ல டீச்சர் யாராக இருந்தாலும் படிவத்தை வெளியே எடுக்காமல் எழுந்து போயிருப்பாள். நான் எடுத்தேன். பத்து நாளில் ஆறு நாள் போயிருந்தது. ஒரு சின்ன கையெழுத்து வேண்டும் என்று புஷ்பபாயிடம் நீட்டினேன். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, ஒரு வரி வாசிக்காமல் போட்டாள்.

"டீச்சர் தாறத வாசிச்சு நோக்கணுமா?" என்றாள்.

ரேஷ்மி வாசித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, விரல் வைத்து. விண்ணப்பதாரர் பெயர், படிப்பின் பெயர், குழந்தையின் பெயர், எல்லாம்.

"டீச்சர் இந்தப் படிப்புக்காக்குமா வந்தது?" என்று கேட்டாள்.

"ஆமா மக்கா," என்றேன். "அதுக்குத்தான் வந்தேன்."

புஷ்பபாய் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ரேஷ்மி பேனா எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று, கீழே உள்ள கட்டத்தில் எழுதினாள். மடித்து என் கையில் தந்தாள். நான் வாறேன் என்று சொல்லி இறங்கினேன். இன்னும் கொஞ்சம் சோறு தின்னாமல் போகிறேன் என்று புஷ்பபாய்க்கு வருத்தம்.

ஜங்ஷன் தாண்டி ஒரு மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி வாசித்தேன். ரேஷ்மி எழுதியிருந்தது இதுதான்:

"ஆறாம் வகுப்பில் டீச்சர் நாளைக்கு நாலு மணிக்கு கிளாசில் இரு, தனியாகச் சொல்லித் தருகிறேன் என்று சொன்னார்கள். நான் அடுத்த நாள் இருந்தேன். டீச்சர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இருந்தேன். கதவு பூட்ட வேண்டும் என்று பியூன் சொன்னதால் போனேன். எனக்குச் சொல்லித் தந்து பிரயோஜனம் இல்லை என்று டீச்சர் நினைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இன்று பாடம் மனசிலானது."

அன்றைக்கு நான் எங்கே போனேன் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. காய்ச்சலா, கல்யாண வீடா, வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போனேனா? ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன். ரோட்டில் போகிறவர்களுக்கு முகம் தெரியாது என்ற ஒரு வசதி அதில் உண்டு.

அந்தத் தாளை அப்படியே கொண்டு கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்து வேறு படிவத்தில் வேறு விதமாக எழுதலாமா என்று வழியில் இரண்டு தடவை தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியை வாசித்தார். மற்ற இருவரிடமும் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. நாலு நாளில் மெயில் வந்தது. சீட் எனக்குத்தான்.

உண்ணி கடையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். ராபின்சன் சார் ஸ்டாஃப் ரூமில் கைதட்ட வைத்தார். ஆதிரா வாட்ஸாப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பினாள். நான் நன்றி என்று மட்டும் போட்டேன். நான் படித்து வாங்கிய சீட் அல்ல அது. ஒரு பிள்ளை வெறும் வகுப்பில் இரண்டு சாயங்காலம் தனியாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது. இருந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ரேஷ்மிக்கு மெசேஜ் போட்டேன். சீட் கிடைத்துவிட்டது, உனக்கு பி.எஸ்.சி. பரீட்சைக்கு வேண்டிய கணக்கு முழுக்க நான் வந்து சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு, "ஞாயிறு வாங்கோ டீச்சர்," என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே அந்த வீட்டுக்கு முன்னால் போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. நான் வரமாட்டேன் என்று நினைத்து எங்காவது போய்விட்டார்களோ, வேண்டுமென்றே போனார்களோ என்றெல்லாம் நினைத்தேன். பத்தொன்பது வருடமாக என் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசிக்க எனக்குப் புத்தி போகவில்லை. அடுத்த வீட்டு ஆள்தான் மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார்: "ஆராதனை கழிஞ்சுதான் வருவாங்கோ. போயிட்டு வாங்கோ டீச்சரே."

நான் போகவில்லை. படியில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. பையில் நோட்டும் இரண்டு பேனாவும் இருந்தன. முன்கூட்டி ஒன்றும் எழுதிக்கொண்டு வரவில்லை. பன்னிரண்டு ஆகப் போகிற நேரத்தில் வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அம்மாவும் மகளும் வளைவில் திரும்பி வந்தார்கள். ரேஷ்மி என்னைப் பார்த்ததும் வேகமாக நடந்து வந்தாள்.

"அய்யோ, டீச்சர் எப்பம் வந்தது? ஒருபாடு நேரம் இருந்தீங்களா?"

"நீ இருந்த அளவு இல்ல மக்கா," என்றேன்.

அவள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.